பழைய பங்களாவில் காற்றுக் கசிவு டெஸ்ட் 9.0 வந்திருக்கிறது: ஜன்னலை மாற்றுவதா, அட்டிக்கை (கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடத்தை) அடைப்பதா?

பக்கவாசல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோவில் 1956இல் கட்டிய ஒற்றைத் தளச் செங்கல் பங்களா ஒன்றில் இருக்கிறோம், வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மேலே 1,050 சதுர அடி, கீழே அதே அளவில் பேஸ்மென்ட். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓயாமல் ஓடுகிறது, ஆனாலும் அம்மாவின் அறை சூடாவதே இல்லை. அவருக்கு 74 வயது, முழங்கால் வலி வேறு, ஜனவரி முழுக்க இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டுதான் படுத்தார்.

போன கிழமை வீட்டில் சூடு எங்கே வீணாகிறது என்று பார்க்கும் எனர்ஜி ஆடிட்டுக்கு ஒருவர் வந்தார். முன்கதவைத் திறந்து அந்த இடத்தில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, கீழே பெரிய ஃபேன் வைத்து வீட்டுக் காற்றை வெளியே இழுத்தார். ஃபேன் ஓடத் தொடங்கியதும் எங்கெங்கிருந்தோ குளிர் வந்தது. சாமிப் படங்களுக்குக் கீழே இருக்கிற பிளக்கில் கையை வைத்தால் காற்று அடிக்கிறது! பேஸ்மென்ட் படிக்கட்டில் நின்றால் ஆற்றங்கரையில் நிற்பது மாதிரி இருந்தது.

ரிப்போர்ட்டில் இருப்பது: 50 பாஸ்கல் அழுத்தத்தில் 2,360 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி), 9.0 ஏசிஹெச் (மணிக்கு எத்தனை தடவை காற்று மாறுகிறது), மொத்தக் கசிவு சுமார் 236 சதுர அங்குல ஓட்டைக்குச் சமம். அவர் விளக்கினார்தான், ஆனால் பத்து நிமிடத்தில் எல்லாம் சொன்னதில் பாதி மனதில் நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஜன்னல் விற்கிற ஒருவர் வந்து 11 ஜன்னலுக்கும் சேர்த்து 18,500 டொலர் என்று எழுதிக் கொடுத்து, இதை மாற்றினால் குளிர் நின்றுவிடும் என்றார். கணவர் கையெழுத்துப் போடலாம் என்கிறார், எனக்கு மனம் வரவில்லை. 9.0 என்பது மோசமா? ஜன்னல் மாற்றினால் எவ்வளவு குறையும்? இதில் நாங்களே செய்யக்கூடிய வேலை ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மோர்னிங்சைட்_மாமா

பிள்ளை, கையெழுத்துப் போட வேண்டாம். நான் போட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்களுடையதும் உங்களுடையது மாதிரி பங்களாதான், ஐம்பதுகளில் கட்டியது. முதல் டெஸ்டில் 10.1 வந்தது. நானும் ஜன்னல்தான் காரணம் என்று நம்பி 2019இல் எல்லா ஜன்னலையும் மாற்றினேன். அதற்குப் பிறகு திரும்ப ஃபேனை வைத்துப் பார்த்தால் 9.5! அவ்வளவு காசுக்கு அரைப் புள்ளிதான் இறங்கியது. ஜன்னல் புதிதானதில் தெருச் சத்தம் குறைந்தது, கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முன்பு போலக் குளிரவில்லை, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் காற்று வருவது நிற்கவில்லை. அடுத்த வருடம் அட்டிக்கில் ஓட்டைகளை அடைத்து, பேஸ்மென்ட் சுவரின் மேல்விளிம்பைச் சுற்றி ஃபோம் வைத்தோம், 6.3க்கு வந்தது. அதற்கு ஆன செலவு ஜன்னல் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

எங்கள் ஆட்களுக்கு இது பிடிபடாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஊரில் கல்வீடு, சுவர் என்றால் முழுச் சுவர், காற்று வருவதென்றால் ஜன்னலாலோ கதவாலோதான் வர வேண்டும். இங்கே வெளியில் செங்கல் தெரிந்தாலும் உள்சுவர்கள் எல்லாம் மரச்சட்டமும் இரண்டு பக்கத்துப் பலகையும்தான், நடுவில் வெறுமை. வயர் போக, தண்ணீர்க் குழாய் போக என்று சுவர்ச் சட்டத்தின் மேல்கட்டையில் ஓட்டை போட்டு அப்படியே விட்டிருப்பார்கள், அந்த வெறுமை நேரே அட்டிக்கில் போய்த் திறக்கும். உங்கள் சாமிப் பிளக்கில் அடித்த காற்று அந்த வழியாக வந்ததுதான்.

இன்னொன்று, பக்கக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சின்னதாக ஒரு பெட்டிக் கதவு இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்தில் பால்காரர் பால் போத்தல் வைக்கிற பெட்டி. வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு, நடுவில் ஒன்றுமே இல்லை. என் வீட்டில் அதற்கு மேல் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள், ஃபேன் ஓடியபோதுதான் கண்டுபிடித்தோம்.

மானோமீட்டர்

வணக்கம் சகோதரி. பிராம்ப்டன் பக்கம் ஆறு வருடமாக இந்த ஆடிட் வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்கள். 50 பாஸ்கல் என்றால் பெரிய அழுத்தம் இல்லை, ஒரு ஸ்ட்ராவில் தண்ணீரை 5 மில்லிமீட்டர் உறிஞ்சினால் அவ்வளவுதான். ஆனால் அது வீட்டின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விழுகிறது, மணிக்கு 32 கிலோமீட்டர் காற்று நாலாபுறமும் அடிப்பதற்குச் சமம். அந்த அழுத்தத்தில் வீட்டை நிறுத்தி வைக்க ஃபேன் நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை வெளியே தள்ள வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு காற்று ஓட்டைகள் வழியாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டில் 2,360 கன அடி. அதை 60ஆல் பெருக்கி வீட்டின் கொள்ளளவால், பேஸ்மென்டையும் சேர்த்து சுமார் 15,750 கன அடி வரும், வகுத்தால் 9.0. அதாவது அந்த அழுத்தத்தில் வீட்டின் மொத்தக் காற்றும் மணிக்கு ஒன்பது தடவை மாறுகிறது. சாதாரண நாளில் இவ்வளவு மாறாது. ஏறக்குறைய 20ஆல் வகுத்துப் பார்ப்பது வழக்கம், உங்களுக்கு 0.45 வரும், இரண்டேகால் மணி நேரத்துக்கு ஒரு முறை நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று முழுவதும் வெளியே போய்விடுகிறது.

அந்தக் காலத்து வீட்டுக்கு 9 என்பது அதிசயம் இல்லை, இதைவிட மோசமானதும் பார்த்திருக்கிறேன். கனடாவின் ஆர்-2000 என்கிற எரிசக்திச் சிக்கனத் தரத்தில் கட்டும் வீட்டுக்கு உச்சவரம்பு 1.5, அதைவிடக் கடுமையான பாசிவ் ஹவுஸ் தரத்துக்கு 0.6. ரெஜைனாவில் 1977இல் கட்டிய சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் என்கிற மாதிரி வீடு அப்போதே 0.8 காட்டியது. பொறியாளர் ஹெரால்ட் ஓரும் அவருடைய குழுவும் செய்த வேலை அது, நம் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற வீடு. பழைய வீட்டை அந்த அளவுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. 9இலிருந்து 6க்கு இறக்கினாலே அம்மாவின் அறையில் வித்தியாசம் தெரியும்.

ஜன்னல் விஷயத்தில் மாமா சொன்னதுதான் என் அனுபவமும். சூடான காற்று மேலே ஏறும், அட்டிக் பக்கம் கிடைக்கிற ஓட்டையில் எல்லாம் வெளியே போகும், அப்படிப் போன காற்றின் இடத்தை நிரப்பக் கீழே பேஸ்மென்டில் குளிர்காற்று நுழையும். உச்சியிலும் அடியிலும்தான் இழுவை அதிகம், ஜன்னல் இருக்கிற நடு உயரத்தில் குறைவு. அதனால் அதே அளவு ஓட்டை கூரையில் இருந்தால் நஷ்டம் அதிகம். எழுபதுகளின் கடைசியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கௌதம் தத், டேவிட் ஹார்ஜே போன்றவர்கள் நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்கிற குடியிருப்பில் ஆராய்ந்தபோது, சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் போட்ட அட்டிக் வழியாகவும் கணக்கு சொன்னதைவிடப் பல மடங்கு வெப்பம் போவதைக் கண்டார்கள். புகைபோக்கியைச் சுற்றியும் சுவர்களின் உட்குழிவிலும் இருந்த மறைவான வழிகளில் காற்று இன்சுலேஷனைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. இன்றைக்கும் நான் பார்க்கிற பெரும்பாலான வீடுகளில் அதே கதைதான். மேலே இன்னும் பத்து அங்குலம் இன்சுலேஷனை ஊதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், அதற்குள் புகுந்து காற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்வெட்டர் போட்டிருந்தும் காற்றடிக்கும்போது குளிருமே, அப்படி. முதலில் அடைக்கணும், அப்புறம்தான் மேலே போடணும்.

அட்டிக்கில் ஏறுமுன் ஒரு விஷயம். சாம்பலும் தங்கமுமாக, மைக்கா மாதிரி மினுங்கும் சின்னக் கற்கள் இன்சுலேஷனில் தெரிந்தால் கை வைக்காதீர்கள், ஃபேனையும் ஓட்டவிடாதீர்கள். அது வெர்மிகுலைட் என்கிற கனிமமாக இருக்கலாம், பழையதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆய்வகத்தில் பரிசோதித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அது இல்லையென்றால் அட்டிக் வாசல் மூடியில் ஆரம்பியுங்கள், ஓரத்தில் வெதர்ஸ்ட்ரிப் (காற்றை அடைக்கும் பட்டை), முதுகில் ஃபோம் பலகை. பிறகு கழிவுநீர்க் குழாய் கூரைக்குப் போகிற இடம், வயர் ஓட்டைகள், உள்சுவர்களின் மேல்கட்டை. புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஸ்ப்ரே ஃபோம் அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும், அங்கே தகரத்தை வெட்டி வைத்து இடுக்கில் வெப்பம் தாங்கும் கோக்கிங் பசைதான். மேல்தட்டுக்குள் பதித்த பழைய பொட் லைட் இருந்தால் அதன் மேலும் எதையும் அப்பாதீர்கள், காற்றுப் புகாத எல்இடி வகைக்கு மாற்றுவது நல்லது. கீழே பேஸ்மென்டில், அடித்தளச் சுவரின் மேல் மரம் வந்து உட்காரும் ரிம் ஜாய்ஸ்ட் பகுதி. ஒவ்வொரு ஜாய்ஸ்டுக்கும் (தரையைத் தாங்கும் கட்டை) நடுவில் ஃபோம் பலகையை அளவாக வெட்டிச் செருகி ஓரத்தை டப்பா ஃபோமால் அடைக்கலாம், ஒரு வார இறுதியில் வீட்டுக்காரர்களே செய்கிற வேலைதான். ஆனால் அந்த ஃபோம் எரியக்கூடியது, மூடாமல் விடலாமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கான்ட்ராக்டரிடம் கொடுப்பதாக இருந்தால் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடைக்க வேண்டும். அடைக்க அடைக்க மீட்டரில் எண் இறங்குவது உங்கள் கண்ணுக்கே தெரியும். எண் அசையவில்லையென்றால் தவறான இடத்தில் நேரத்தைச் செலவழிக்கிறார்கள்.

பக்கவாசல்

மாமா, மானோமீட்டர் அண்ணா, இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. பால் பெட்டி இருக்கிறது! நாங்கள் அதைப் பழைய மின்சாரப் பெட்டி என்று நினைத்திருந்தோம். அட்டிக்கில் டோர்ச் அடித்துப் பார்த்தோம், மினுங்கும் கல் எதுவும் இல்லை, மஞ்சள் பஞ்சுதான்.

இன்னும் இரண்டு கேள்வி. எல்லாவற்றையும் அடைத்தால் வீடு மூச்சு முட்டாதா? பேஸ்மென்டில் எங்களுக்கு இரண்டாவது சமையலறை இருக்கிறது, மீன் பொரிப்பது, தூள் வறுப்பது எல்லாம் அங்கேதான், அதற்காக அடுப்புக்கு மேல் புகையை வெளியே இழுக்கும் 900 சிஎஃப்எம் ஹூட் ஒன்று போட்டிருக்கிறோம். வாசனை மேலே வராது, ஆனால் அங்கே சமைக்கிற நாளில் அம்மா தலை பாரமாக இருக்கிறது என்பார், நான் மிளகாய் நெடியாக்கும் என்று விட்டுவிட்டேன். அடைத்த பிறகு அது கூடுமா?

மானோமீட்டர்

சகோதரி, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை உடனே படியுங்கள். உங்கள் சுடுநீர்த் தொட்டி கேஸா? அது பேஸ்மென்டில்தானே? தொட்டியின் தலையில் குடை மாதிரித் தகர மூடி, அதற்கும் தொட்டிக்கும் நடுவில் இடைவெளி, மேலே குழாய் புகைபோக்கிக்குப் போகிறது, இப்படி இருந்தால் அந்தப் புகை தன் சூட்டால் மட்டுமே மேலே ஏறிப் போகிற வகை. ஃபேன் கிடையாது.

இப்போது உங்கள் ஹூட் 900 சிஎஃப்எம் காற்றை வெளியே இழுக்கிறது. உங்கள் டெஸ்ட் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் வீட்டுக்குள் சுமார் 11 பாஸ்கல் அழுத்தக் குறைவு வரும். அந்த வகைத் தொட்டிக்கு நாங்கள் வைத்திருக்கும் எல்லை 5. அதற்கு மேல் போனால் புகைபோக்கி வழியாகப் போக வேண்டியது திரும்பி வீட்டுக்குள் வரலாம், அதில் கார்பன் மோனாக்சைடு (சிஓ) என்கிற நச்சு வாயு இருக்கலாம். வாசனை கிடையாது, தலை பாரம்தான் முதலில் தெரியும். கசிவை அடைத்து 1,500 சிஎஃப்எம்முக்கு இறக்கினால் அதே ஹூட் சுமார் 23 பாஸ்கல் இழுக்கும். 300 சிஎஃப்எம் ஹூட் என்றால் 4 சொச்சம், கூடவே துணி உலர்த்தியும் ஓடினால் 8க்குக் கிட்ட.

அதனால் இன்றைக்கே சிஓ அலாரம் வாங்கி, படுக்கை அறைகளுக்கு வெளியே ஒன்று, பேஸ்மென்டில் ஒன்று வையுங்கள். இருக்கிறது என்றால் தேதி பாருங்கள், காலாவதி உண்டு. உரிமம் உள்ள கேஸ் டெக்னீஷியன் வந்து பார்க்கும்வரை அந்த ஹூட்டைப் போட வேண்டாம், மேலேயே சமையுங்கள். அலாரம் அடித்தால் எல்லோரும் வெளியே போய் 911க்கு அழையுங்கள். ரிப்போர்ட்டின் பின்பக்கங்களில் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை இருக்கும், தேடிப் பாருங்கள்.

மூச்சு முட்டுமா என்றால், 6க்கு வந்தாலும் முட்டாது, அப்போதும் வீடு ஓரளவு கசியத்தான் செய்யும். அதற்கும் கீழே போகிறவர்கள் ஹெச்ஆர்வி வைப்பார்கள், வெளியே போகிற காற்றின் சூட்டை உள்ளே வருகிற காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி. ஓட்டை வழியாக வருகிற காற்று நமக்கு வேண்டும்போது வராது, கடுங்குளிரில் அதிகமாகவும் வசந்தத்தில் குறைவாகவும் வரும், அதுவும் அட்டிக் தூசியையும் பேஸ்மென்ட் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு.

அரைவீட்டுக்காரர்

இடையில் ஒரு கேள்வி. எங்களுடையது டவுன்ஹவுஸ், இரண்டு பக்கமும் வீடு. டெஸ்டில் அடுத்த வீட்டுக் கறி வாசனை எங்கள் வீட்டுக்குள் வந்தது. அது எங்கள் கசிவாகக் கணக்காகுமா?

மானோமீட்டர்

கணக்கில் சேரும், மீட்டருக்கு அது வெளிக்காற்றா பக்கத்து வீட்டுக் காற்றா என்று தெரியாது. சரியாகப் பிரிக்கணும் என்றால் பக்கத்து வீடுகளிலும் ஃபேன் வைத்து அதே அழுத்தத்தில் நிறுத்தணும், நடைமுறையில் யாரும் செய்வதில்லை. ஆனால் அந்த வாசனை வந்த வழியை அடையுங்கள், தீப்பிடித்தால் புகையும் அதே வழியில்தான் வரும்.

ஈஸ்ட்ஹாம்_ராஜி

லண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே கணக்கு வேறு, வீட்டின் கொள்ளளவால் இல்லாமல் சுவர், கூரை, தரைப் பரப்பால் வகுப்பார்கள். இங்கிலாந்தில் 2022 முதல் புது வீடுகளுக்கு எல்லை 8, முன்பு 10. இரண்டு நாட்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பயந்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

மோர்னிங்சைட்_மாமா

பிள்ளை, அம்மா எப்படி இருக்கிறா? அலாரம் வாங்கியாச்சா?

அடைக்கிற வேலைக்கு முன், ஆடிட்டர் வந்து போன பிறகு இன்னும் ஓட்டை தேட வேண்டுமென்றால் ஒரு வழி சொல்கிறேன். நல்ல குளிரும் காற்றும் உள்ள நாளில் ஃபர்னஸையும் சுடுநீர்த் தொட்டியையும் அணைத்துவிட்டு, குளியலறை ஃபேன்கள், துணி உலர்த்தி எல்லாவற்றையும் ஓட விடுங்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சுவரோரமாகக் கொண்டு போனால் புகை எங்கே சரிகிறது என்று தெரியும். அறைக் கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தி அந்த இடைவெளியில் கையை வைத்துப் பாருங்கள், எந்த அறையில் இருந்து காற்று அதிகமாக வருகிறதோ அங்கேதான் வெளிப்பக்கம் திறக்கிற ஓட்டை இருக்கிறது. திரைச்சீலைப் பக்கம் மட்டும் கவனம்.

பக்கவாசல்

ஏழு கிழமை கழித்து வந்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

மானோமீட்டர் அண்ணா, நீங்கள் எழுதிய அன்று இரவே அலாரம் வாங்கினோம். எச்சரிக்கை ரிப்போர்ட்டின் ஆறாம் பக்கத்தில் இருந்தது, நாங்கள் எண்களைப் பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறோம். டெக்னீஷியன் வந்து ஹூட்டை ஓடவிட்டுத் தொட்டியின் தலைக்குப் பக்கத்தில் புகை காட்டினார். புகை மேலே போகாமல் அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது, எத்தனை ஞாயிற்றுக்கிழமை அம்மா அங்கே நின்று மீன் பொரித்தார். ஃபேன் வைத்துக் குழாய் வழியாக வெளியே தள்ளும் வகைத் தொட்டிக்கு மாற்றிவிட்டோம். ஹூட்டையும் கழற்றிச் சின்னதாக ஒன்று போட்டோம், அதை ஓடவிடும்போது பேஸ்மென்ட் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறோம். அம்மாவுக்கு அந்தத் தலை பாரம் இப்போது இல்லை.

ஜன்னல்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ரிம் ஜாய்ஸ்டை நானும் கணவரும் இரண்டு வார இறுதியில் முடித்தோம். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் பழைய குழாய் போன ஓட்டை ஒன்று, என் கை முழுதாக உள்ளே போனது, மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. அட்டிக் வேலையை ஆளிடம் கொடுத்தோம், ஃபேனை ஓடவிட்டுத்தான் அடைக்க வேண்டும் என்றதும் ஒருவர் வரவே மாட்டேன் என்றார், இரண்டாவது ஆள் ஒத்துக்கொண்டார். அம்மாவின் அறைச் சுவருக்கு மேலே, கழிவுநீர்க் குழாயைச் சுற்றி ஓரடி அகலத்துக்குத் திறந்தே கிடந்திருக்கிறது, அதன் மேல் பஞ்சை மட்டும் போட்டு மூடியிருந்தார்கள், பஞ்சு தூசி பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. அதை அடைத்தபோது மீட்டரில் எண் சட்டென்று இறங்கியதை அம்மாவே நின்று பார்த்தார்.

கடைசி டெஸ்டில் 1,570 சிஎஃப்எம், 6.0.

பால் பெட்டியைச் செங்கல் வைத்து மூடலாம் என்றோம், அம்மா விடவில்லை, அழகாக இருக்கிறது இருக்கட்டும் என்றார். நடுவில் ஃபோம் பலகை வைத்து உள்கதவுக்கு வெதர்ஸ்ட்ரிப் ஒட்டியிருக்கிறோம். வெளிக்கதவின் கீல் துருப்பிடித்து உடைந்திருக்கிறது, அந்த அளவில் கீல் எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மோர்னிங்சைட்_மாமா

கீலின் நீளம் எவ்வளவு என்று அளந்து போடுங்கள் பிள்ளை. என் வீட்டுப் பெட்டியைக் கழற்றியபோது எடுத்து வைத்தது கராஜில் கிடக்கிறது, பொருந்தினால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.